எந்த விதிப்படி?



சொந்த ஊரை விட்டுப் பிழைப்புக்காக வேற்று மாநிலம் வந்து வாழ்கின்ற நம்மில் பெரும்பாலோருக்கு, ஊருக்கும் நமக்கும் இடையே இருக்கின்ற உயிருள்ள தொடர்பு ஒரு பாங்குக் கணக்குதான். மாதந்தோறும் அதன் வழியே நாம் பணம் அனுப்புகிறோம்; தாயோ தந்தையோ உடன்பிறந்தவரோ அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கிலிருந்து 59 ரூபாயோ 17 ரூபாய் 70 காசோ காரணம் விளங்காமல் குறைந்து போகும்போது நாம் என்ன செய்கிறோம்? "போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படிப் போகவிட்ட பணத்தைத் திரும்பப் பெற முடியுமா, முடியுமானால் எவ்வாறு என்பதைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

நான் பொருளாதார நிபுணன் அல்லன். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். ஆங்கிலத்தில் வருகின்ற அறிக்கைகளையும் அறிவிப்புகளையும் தமிழாக்குவது என் தொழில். இந்த விஷயத்தை எனக்குக் கற்பித்தது அலுவலகமன்று. கோட்டுகாலில் இருக்கின்ற என் சித்தி.

கோட்டுகால், திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊர். வடக்கே போனால் நெசவுக்குப் பேர்போன பாலராமபுரம். தென்கிழக்கே போனால் பாறசாலை, அதையும் தாண்டினால் தமிழ்நாட்டுக் களியக்காவிளை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தின் மீது விழுந்ததே தவிர, குடும்பங்களின் நடுவே விழவில்லை. இந்தப் பக்கத்துப் பெண் அந்தப் பக்கம் வாழ்க்கைப்படுவதும், அந்தப் பக்கத்துப் பிள்ளை இந்தப் பக்கம் படிக்க வருவதும் இன்றும் உண்டு. என் சித்தி விளவங்கோட்டில் பிறந்து கோட்டுகாலுக்கு வாழ்க்கைப்பட்டவர். மலையாளம் சரளமாகப் பேசுவார். எழுத்தென்றால் தமிழ் மட்டுமே அறிவார். அவருடைய பாங்குப் புத்தகமோ ஆங்கிலத்தில் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் தில்லியிலிருந்து அவருக்கு மருந்துச் செலவுக்காக 2,000 ரூபாய் அனுப்பினேன். மறுநாள் தொலைபேசியில் அழைத்து, 1,740 ரூபாய்தான் இருக்கிறதென்று சொன்னார். புத்தகத்தை அடுத்த வீட்டுச் சிறுமியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவள் எழுத்துக் கூட்டி "மின் பால்" என்று வாசித்திருக்கிறாள். சித்தி என்னிடம் கேட்ட கேள்வி இது: "மக்களே, கறண்டுக்கும் பாலுக்கும் பாங்குக்காரனுக்கு எதுக்கு பைசா?"

நான் சிரித்துவிட்டேன். பிறகு விடுமுறையில் ஊருக்குப் போய் அந்தப் புத்தகத்தைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. "மினிமம் பாலன்ஸ்" என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அந்த மின் பால். அக்கணக்கில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் எப்பொழுதும் இருக்க வேண்டுமாம். சித்தியின் கணக்கில் இருந்தது 212 ரூபாய். ஆகவே மாதம் 50 ரூபாய் அபராதம், அதன் மீது நூற்றுக்குப் பதினெட்டு வீதம் ஜி.எஸ்.டி. வரி 9 ரூபாய், ஆக 59 ரூபாய் என்று எட்டு மாதம் பிடித்திருந்தார்கள். எட்டு மாதத்துக்கு 472 ரூபாய். ஆனால் கணக்கில் இருந்ததே 212 ரூபாய்தானே? நான்காம் மாதத்தில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. எட்டாம் மாத முடிவில் சித்தி பாங்குக்கு 260 ரூபாய் கடன்பட்டவராக ஆகியிருந்தார். நான் அனுப்பிய மருந்துப் பணம் வந்து விழுந்தவுடன் அந்தக் "கடன்" கழிந்தது. ஏழை என்பதற்காக விதித்த அபராதத்தைக் கட்ட முடியாத ஏழையிடம் அடுத்த மாதமும் அபராதம்!

நேயர்களே, இவ்விடத்தில் நாம் சினத்தை அடக்கிக்கொண்டு ஒரு கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும். "இது அநியாயம்" என்பது கேள்வியாகாது. "இது மிக அதிகம்" என்பதும் ஆகாது. "எந்த விதிப்படி?" என்பதே கேள்வி.

இதன் அருமையை விளக்க இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். அந்நாட்டு பாங்குகள், கணக்கில் இருப்பதற்கு மேல் பணம் எடுத்துவிட்டவர்களிடம் கடுமையான கட்டணம் பிடித்து வந்தன. 2006, 2007ஆம் ஆண்டுகளில் பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதித் தங்கள் பணத்தைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு விவகாரம் நீதிமன்றம் சென்றது. கீழ்மன்றங்கள் இரண்டிலும் பாங்குகள் தோற்றன. ஆனால் 2009 நவம்பர் 25ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பாங்குகளின் பக்கமே தீர்ப்பளித்தது. அந்தக் கட்டணங்களும் பாங்குச் சேவையின் விலையில் ஒரு பகுதியே என்றும், விலை தகுமா தகாதா என்று அந்தச் சட்டத்தின்கீழ் எடைபோட இயலாது என்றும் நீதிபதிகள் கருதினர். அதிகம் என்று வாதாடியவர்களின் வழி அத்தோடு அடைபட்டது.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே ரிசர்வ் பாங்கு சில கட்டணங்களைப் பற்றி எழுத்தில் தெளிவான விதிகளைச் செய்திருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு அபராதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 நவம்பர் 20ஆம் நாள் ரிசர்வ் பாங்கு விடுத்து, 2015 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கை மூன்று செய்திகளைச் சொல்கிறது. முதலாவது, இருப்புக் குறைந்தால் பாங்கு உடனே கணக்குடையவருக்கு அறிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் அவர் குறையை ஈடு செய்யாவிட்டால்தான் அபராதம் விதிக்கலாம். இரண்டாவது, அபராதம் குறைவின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மூன்றாவது, இந்த அபராதம் ஒன்றினாலேயே கணக்கின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. மூன்றாவது விதியை மீண்டும் ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சித்தியின் 260 ரூபாய் அதில்தான் அடங்கியிருந்தது.

நாங்கள் இருவரும் பாங்குக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். கம்ப்யூட்டர் தானாகவே பிடித்துவிடுகிறதென்று வருந்தினார். வயதானவராயிற்றே என்று இரக்கப்பட்டு, மேலிடத்தில் சொல்லிப் பாதித் தொகையை, அதாவது 236 ரூபாயை, தயவின் பேரில் திரும்பப் போடச் செய்வதாகச் சொன்னார். எனக்கு அதுவே பெரிதென்று தோன்றிற்று. சித்தி ஒப்பவில்லை. "எனக்க பைசாயையாக்கும் கேக்கேன், சாரே; தருமம் கேக்கல்ல" என்றார்.

அன்றிரவு சித்தி சொல்லச் சொல்ல நான் ஒரு கடிதம் எழுதினேன். தமிழிலேயே எழுதினோம். கணக்கு எண், பணம் பிடித்த எட்டுத் தேதிகள், ஒவ்வொன்றின் தொகை, ரிசர்வ் பாங்குச் சுற்றறிக்கையின் தேதி, திருப்பித் தர வேண்டிய தொகை, கையொப்பம். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. ஒரு பிரதியில் பாங்கின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். மூன்று வாரங்களுக்குப் பின் 260 ரூபாய் கணக்கில் வரவாயிற்று.

மீதி 212 ரூபாய்? அதற்கும் பாங்கு பதில் அளித்திருந்தது. இருப்புக் குறைந்தவுடன் குறுஞ்செய்தி அனுப்பியதாகவும், அதற்கான பதிவு இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். விசாரித்துப் பார்த்தோம். செய்தி போனது காலஞ்சென்ற சித்தப்பாவின் பழைய தொலைபேசி எண்ணுக்கு. அந்த எண்ணை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. மேலும் எழுதலாமா என்று சித்தியைக் கேட்டேன். வேண்டாம், அது நம்முடைய பிழை என்று சொல்லிவிட்டார். தயவாக வந்த 236ஐ மறுத்து, உரிமையாக வந்த 260ஐ ஏற்று, தமக்குரியதல்லாத 212ஐக் கேட்காமல் விட்டார். இதைவிடத் தெளிவான கணக்கை நான் எந்தத் தணிக்கை அறிக்கையிலும் கண்டதில்லை.

இது ஒரு வீட்டின் கதை. நாட்டளவில் இதன் பருமனையும் பார்க்க வேண்டும். 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை பாங்குகள் குறைந்தபட்ச இருப்பு அபராதமாகப் பெற்ற தொகை ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் என்று 2024ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. பாரத ஸ்டேட் பாங்கு 2020 மார்ச் மாதத்தில் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தைக் கைவிட்டது. கனரா பாங்கு, பஞ்சாப் நேஷனல் பாங்கு, இந்தியன் பாங்கு முதலியவை 2025ஆம் ஆண்டில் கைவிட்டன. ஆயினும் எல்லா பாங்குகளும் கைவிட்டுவிடவில்லை.

பணம் திரும்ப வந்த பெரிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. குறைந்தபட்ச இருப்பே தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஜன் தன் கணக்குகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இக்கணக்கில் மாதம் நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். நான்குக்கு மேற்பட்ட ஒவ்வொரு பற்றுக்கும், கைப்பேசி வழியாகச் செய்த சிறு பற்றுக்கும்கூட, பாரத ஸ்டேட் பாங்கு 17 ரூபாய் 70 காசு பிடித்து வந்தது. 15 ரூபாய் கட்டணம், மீதி வரி. 2015 முதல் 2020 வரை இவ்வாறு சுமார் 12 கோடிக் கணக்குகளிலிருந்து 300 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்ததென்று பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஆய்வொன்று 2021ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியது. இதற்கிடையே, ரூபே அட்டை, யு.பி.ஐ. போன்ற மின்னணு வழிகளில் 2020 ஜனவரி முதல் நாளுக்குப் பின் பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தருமாறு மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 ஆகஸ்ட் 30ஆம் நாள் பாங்குகளுக்கு அறிவுறுத்தியிருந்தது. அவ்வாறே 2021ஆம் ஆண்டில் பணம் கணக்குகளுக்குத் திரும்பியது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் கட்டணம் திரும்பவில்லை என்ற குறை பின்னரும் இருந்தது. இங்கும் பணத்தைத் திருப்பியது இரக்கமன்று, எழுத்தில் இருந்த விதி.

இனி, நம் போன்று இடம் பெயர்ந்து வாழ்வோர்க்கு நேர்கின்ற சில குறிப்பான சங்கடங்களைச் சொல்கிறேன்.

நாம் ஊருக்கு ஊர் வேலை மாறுகிறோம். சூரத்தில் ஒரு கணக்கு, பெங்களூரில் ஒரு கணக்கு என்று விட்டுவிட்டு வருகிறோம். சம்பளக் கணக்கில் சம்பளம் நின்றுபோனால் சில மாதங்களில் அது சாதாரணக் கணக்காக மாறிவிடும். குறைந்தபட்ச இருப்பு விதியும் கூடவே வந்துவிடும். ஆகையால் வேலையை விடும்போதே கணக்கை முடித்துவிடுங்கள், அல்லது அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரக் கேளுங்கள். என் சித்தியின் கணக்கை இப்போது அவ்வாறுதான் மாற்றியிருக்கிறோம். ஒரு பாங்கில் அடிப்படைக் கணக்கு வைத்திருப்பவர் அதே பாங்கில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் செயலற்றுப் போன கணக்கில் குறைந்தபட்ச இருப்பு அபராதம் விதிக்கக் கூடாதென்று 2014 மே மாதத்திலேயே ரிசர்வ் பாங்கு தடை செய்திருக்கிறது. அத்தகைய கணக்குக்கு உயிர் கொடுப்பதற்கும் கட்டணம் கிடையாது.

ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், ஐந்து நாட்களுக்குள் பாங்கு தானாகவே அதைத் திருப்ப வேண்டும். தவறினால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் ஈடு தர வேண்டும். இது 2019 செப்டம்பரில் வந்த விதி.

வீட்டுக்கடனைப் பற்றியும் ஒரு சொல். மாறும் வட்டியில் தனி நபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் அதற்கு அபராதம் வாங்கக் கூடாதென்பது 2012 முதல் உள்ள விதி. சொந்த ஊரில் வீடு கட்ட நினைப்போர் இதை அறிந்திருத்தல் நலம்.

ஆனால் எல்லாக் கட்டணமும் அநியாயமன்று. காசோலை திரும்பினால் கட்டணம் உண்டு. பெட்டகத்துக்கு வாடகை உண்டு. ஏ.டி.எம்.மில் இலவச அளவுக்கு மேல் எடுத்தால், 2025 மே முதல், ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை வரி நீங்கலாக வாங்கலாம். முன்னறிவித்து, விதிக்கு உட்பட்டு, செய்த வேலைக்குக் கேட்கின்ற கூலியைத் தருவதுதான் முறை. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பாங்கின் பட்டியலில் எல்லாமே "சேவைக் கட்டணம்" என்ற ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. சேவைக்குரிய கூலி எது, தவறுக்குரிய தண்டம் எது என்று நாம்தான் பிரித்துப் படிக்க வேண்டும்.

திரும்பப் பெறும் வழி எளியது. முதற்படி, பாங்குக்கு எழுத்து மூலம் முறையீடு. நேரில் கொடுத்து முத்திரை பெறுங்கள். இயலாவிட்டால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, இரண்டாம்படி ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளர். 2021 நவம்பர் 12ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தினால், கணக்கு எந்த மாநிலத்தில் இருப்பினும் நாட்டின் எம்மூலையிலிருந்தும் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. முதியவர்களுக்காக நீங்களே அவர்களுடைய அதிகாரம் பெற்ற பிரதிநிதியாக எழுதலாம். பாங்கின் பதில் கிடைத்தபின், திட்டம் குறித்த கால வரம்புக்குள் எழுதிவிட வேண்டும். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்டறியலாம்.

இத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. சண்டிகரில் உள்ள முறையீட்டு மையத்துக்குத் தபாலில் அனுப்பும் மனு எந்த மொழியிலும் இருக்கலாம் என்று ரிசர்வ் பாங்கு அறிவித்தது. தமிழில் எழுதலாம், நேயர்களே! கேரளத்தில் கணக்கு, குஜராத்தில் வேலை, சண்டிகரில் மனு. ஆயினும் நம் வழக்கை நம் தாய்மொழியில் சொல்லலாம். ஆங்கிலம் தெரியாதே என்று கூசி உட்கார்ந்திருக்க இனிக் காரணமில்லை.

அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கணக்கிருக்கும் ஊருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று தொலைபேசியில் அழைத்து, அட்டை எண்ணையோ ரகசிய எண்ணையோ கேட்பவனிடம் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். குறைதீர்ப்பாளர் அலுவலகம் யாரிடமும் ரகசிய எண் கேட்பதில்லை; பணமும் கேட்பதில்லை.

இந்நிகழ்ச்சிக்குப் பின் நான் என்னுடைய பழைய பாங்குப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் விட்டுவந்த கணக்கொன்றில், இருந்த சில நூறு ரூபாயும் சிறிது சிறிதாகக் கரைந்து போயிருந்தது. முறையிடும் காலம் கடந்துவிட்டது. படித்தவன், மூன்று மொழி அறிந்தவன், சட்டங்களைத் தமிழாக்குபவன், நான் கேட்கவில்லை. தமிழெழுத்து மட்டுமே அறிந்த சித்தி கேட்டார். எங்கள் இருவருக்கும் இடையே இருந்த வேற்றுமை கல்வியன்று. "போகட்டும்" என்ற ஒரு சொல்தான்.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பாங்குப் புத்தகத்தை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களின் புத்தகத்தையும் அடுத்த முறை போகும்போது வாங்கிப் பாருங்கள்; அதில் பதிந்திருக்கும் தொலைபேசி எண் யாருடையது என்று கேளுங்கள். விளங்காத வரி ஒன்று கண்ணில் பட்டால், கோபப்படவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: எந்த விதிப்படி?